குடும்ப தினத்துக்கு எங்கள் குடியிருப்பில் என்ன செய்யலாம்?

தாம்பரம்வாசி:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் 36 வீடுகள். மே 15 உலகக் குடும்ப தினம், ஐ.நா. 1993இல் அறிவித்த நாள். லீவுக்குப் பேரப்பிள்ளைகளும் வந்திருப்பார்கள், அன்றைக்கு மாலை எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று சங்கத்தில் முடிவாகி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு மேடை, மைக், சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகள் நடனம், ‘சிறந்த ஜோடி’ போட்டி, கேட்டரிங் சாப்பாடு என்று நடந்தது. அவரவர் பிள்ளை ஆடியதும் படம் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்னமும் பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு 200 ரூபாய் வசூலிக்கலாம். யோசனை சொல்லுங்கள்.

பொருநைக்கரை அக்கா:
தம்பி, முதல் வேலையாக அந்த ஜோடிப் போட்டியை எடுத்துவிடுங்கள். 36 வீடு என்றால் கணவரை இழந்தவர் இருப்பார், பிரிந்து வாழ்பவர் இருப்பார், வேலைக்காக ஊரைவிட்டு வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பையன் இருப்பான். குடும்ப தினத்தன்று அவர்களைக் கைதட்ட மட்டும் உட்கார வைப்பது எனக்குப் பொறுக்காது. மேடை போட்டாலே பத்துப் பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். மேடையே வேண்டாம்.

கூட்டாஞ்சோறு ஆக்குங்கள். திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைகள் ஆளுக்கொரு சாமான் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்து ஆக்குவோம். ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, கொல்லையில் முருங்கை நிற்கிற வீட்டுப் பிள்ளை கீரை. எதுவும் இல்லாத பிள்ளை சுள்ளி பொறுக்கி வரும். அதற்கும் அதே அளவு சோறு. இதைத்தான் பெரிதாகச் செய்யச் சொல்கிறேன்.

சுமார் 60 பேருக்கு 5 கிலோ அரிசி, இரண்டரைக் கிலோ துவரம்பருப்பு போதும். கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், அவரைக்காய், கொத்தவரங்காய் எல்லாம் சேர்த்து ஆறு கிலோ, நாலைந்து கட்டு முருங்கைக்கீரை. மே மாதம் மாங்காய் கிடைக்கும், அதையும் போடுங்கள், புளியைக் குறைத்துக்கொள்ளலாம். தேங்காய், சீரகம், மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்து விட வேண்டும். கடைசியில் நல்லெண்ணெயில் வடகத்தைத் தாளித்துக் கொட்டினால் மூன்றாவது மாடிக்கும் வாசம் போகும், கூப்பிடாமலே இறங்கி வருவார்கள். ஒன்று முக்கியம்: பருப்பு நன்றாகக் குழைந்த பிறகுதான் புளித்தண்ணீர். முன்னாலேயே விட்டால் பருப்பு வேகாமல் நின்றுவிடும்.

அரிசி பருப்பைச் சங்கப் பணத்தில் வாங்குங்கள். காய் மட்டும் வீடு வீடாக வரட்டும், இரண்டு கத்தரிக்காய் என்றாலும் சரி. வாங்கி வருவது பிள்ளைகளின் வேலை. கூடையோடு ஒவ்வொரு கதவாகத் தட்டி, “உங்க வீட்டுக் காய் என்ன?” என்று கேட்கட்டும். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அந்த ஒரு நடையிலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நான்கு மணிக்குப் பாயை விரித்து அரிவாள்மணை, கத்தி, பலகை எல்லாம் வைத்துவிடுங்கள். கீரை ஆய்வதற்கு வயதானவர்களைக் கூப்பிடுங்கள். கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். எங்கள் தெருவில் இப்படிச் செய்கிறபோது அதிகம் பேசுவது, மற்ற நாளெல்லாம் வாயே திறக்காத ஆச்சிமார்தான்.

கொங்குக்காரன்:
அக்கா சொல்வதே நல்ல யோசனை. சோறு வேகும் நேரத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஈரோட்டுப் பக்கம் பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கிற நோன்பு உண்டு. பெண்களும் பிள்ளைகளும் தின்பண்டம் கட்டிக்கொண்டு கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள், அங்கே கும்மி அடிப்பார்கள். கும்மிக்கு மைக்கும் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம். பாடத் தெரிந்த ஓர் அம்மா முதலடி எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பின்னால் பாடிக்கொண்டே வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம், நடுவில் விலகவும் செய்யலாம். ஆம்பளைகளையும் இழுத்து விடுங்கள்.

தாம்பரம்வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். நாலைந்து வீடுகளில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். மொட்டை மாடியில் வைக்கலாம் என்றால் அங்கே லிஃப்ட் போகாது. முட்டி வலிக்காரர்கள் நிறைய. அப்புறம், மனைவி இறந்த பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வராத பெரியவர் ஒருவர் இருக்கிறார். அழைப்பிதழ் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார், வர மாட்டார்.

பொருநைக்கரை அக்கா:
கூட்டாஞ்சோற்றுக்குப் பூண்டு வேண்டியதே இல்லை. வெங்காயம் இல்லாமல் தேங்காய், சீரகம், மிளகாய் மட்டும் அரைத்து, பெருங்காயம் தாளித்தாலும் ருசி குறையாது. வடகத்தில் வெங்காயம் இருக்கும், அதை மட்டும் தனியாகப் பொரித்து வையுங்கள், வேண்டியவர்கள் மேலே போட்டுக்கொள்ளட்டும். தனிப் பாத்திரம், தனிப் பந்தி என்று பிரிக்காதீர்கள். எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரே சோறாக இருப்பதுதான் முக்கியம்.

மாடி வேண்டாம், கார் நிறுத்துமிடம் போதும். மதியம் வண்டிகளைத் தெருவுக்கு எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் சாயங்காலம் குளுமையாக இருக்கும். அடுப்பை மட்டும் வண்டிகளுக்கும் மின்சாரப் பெட்டிக்கும் எட்டத்தில், திறந்தவெளியில் வையுங்கள். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி, ஆனால் பாய்க்குப் பக்கத்திலேயே. ஓரமாக வரிசை கட்டிப் போட்டால் அவர்கள் மறுபடி பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

பெரியவர் விஷயம். அழைப்பிதழை விடுங்கள், அவரிடம் உதவி கேளுங்கள். “ஐயா, வீடு வீடாக வருகிற காயை நிறுத்து நோட்டில் எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும்” என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், கூடவே கூடை தூக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை அழைத்துப் போங்கள். விழாவுக்கு வா என்றால் துக்கத்தில் இருப்பவருக்குக் கால் வராது, வேலை இருக்கிறது என்றால் வரக்கூடும். அப்படியும் வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். பந்தி தொடங்கும் முன் முதல் தூக்குச் சோற்றை அந்தப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். கூழ்வற்றலும் அப்பளமும் சேர்த்து.