கோலப் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது, அவசரம்

வாசல்புள்ளி, டிசம்பர் 24, காலை 6:04

மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் வாசலில் போடும் கோலத்தைப் படம் எடுத்து எங்கள் தெருக் குழுவில் போடுகிறேன். இந்த வருடம் எல்லாப் படத்திலும் கறுப்பாகப் பட்டை பட்டையாக விழுகிறது. நேரில் பார்த்தால் ஒன்றும் இல்லை, படத்தில் மட்டும்தான். லென்ஸைத் துடைத்துவிட்டேன், போனை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். போன வருடம் இந்தத் தொல்லையே கிடையாது. இன்றைக்கு 15 புள்ளி சிக்குக் கோலம், முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறரை மணிக்குப் பால் வண்டி அதன் மேல் ஏறிவிடும். அதற்குள் யாராவது சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

திண்ணை, காலை 6:09

படம் வரவில்லை, மறுபடி இணையுங்கள். என்ன போன்? போனோடு வந்த கேமரா ஆப்பா, வேறா? பட்டை குறுக்கிலா, நெடுக்கிலா?

ஈரவாசல், காலை 6:13

அக்கா, சாணம் தெளித்தவுடன் எடுக்கிறீர்களா? தரை ஈரமாக இருந்தால் விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திட்டுத் திட்டாகத் தெரியும். எனக்குப் போன மார்கழி முழுக்க இதே கதைதான். தரை உலர்ந்த பிறகு போட்டு எடுத்துப் பாருங்கள். போனின் பின்பக்கம் லென்ஸ் மேல் கண்ணாடி ஏதும் ஒட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

தெருமுனை, காலை 6:17

வாசலில் கம்பிக் கேட் இருக்கிறதா? கேட்டுக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் கம்பியின் நிழல் தரையில் நீளமாக விழும். வெளிச்சத்துக்குப் பழகிய கண் அதைக் கண்டுகொள்ளாது, படத்தில் மட்டும் துலக்கமாகத் தெரியும். நிச்சயம் இதுதான்.

ஃபிலிம்காலம், காலை 6:26

இந்தப் பகுதியில் வாரம் ஒருவராவது இப்படி வருகிறார்கள். விளக்கம் இல்லை, படம் இல்லை, என்ன அளவுகளில் எடுத்தார்கள் என்ற குறிப்பும் இல்லை. கேள்வி கேட்பதற்கு முன் பகுதியின் மேலே ஒட்டியுள்ள குறிப்புகளைப் படிப்பது நல்லது. விடியாத இருட்டில் போனில் படம் எடுத்தால் இப்படித்தான் வரும். போன் நாலைந்து படங்களைச் சேர்த்துத் தைத்து ஒன்றாகக் கொடுக்கிறது, அந்தத் தையல்தான் உங்களுக்குப் பட்டையாகத் தெரிகிறது. முப்பது வருடமாகப் படம் எடுக்கிறேன். ஷட்டர் உள்ள உண்மையான கேமராவில் இந்தப் பிரச்சினை வராது.

மாக்கோலம், காலை 6:41

வேறு ஒன்றும் சொல்கிறேன். கடையில் விற்கும் கல்மாவு வெள்ளை வெளேர் என்று இருக்கும். கறுத்த தரையில் அது பளிச்சென்று அடிப்பதால் கேமரா திணறும். அரிசி மாவில் போட்டுப் பாருங்கள், வெள்ளை மிருதுவாக வரும். எறும்புக்கும் அணிலுக்கும் இரை. கோலம் போடுவதே அதற்குத்தான்.

சன்னல்நிலா, காலை 6:48

புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் கோலமா? நுணுக்கமான கட்டம் போட்ட சேலையைப் படம் எடுத்தால் அலையலையாக ஒரு வடிவம் தோன்றுமே, மோயர் என்பார்கள், அதுவாக இருக்கலாம்.

திண்ணை, காலை 6:55

@சன்னல்நிலா, அதற்கு இழைகள் சென்சாரின் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) புள்ளி அளவுக்கு நெருங்கி வரவேண்டும். பட்டுச் சேலையின் ஊடிழைக்குச் சரி. கோலத்தில் புள்ளிக்குப் புள்ளி இரண்டு விரல் இடைவெளி இருக்குமே. மோயர் இல்லை.

@வாசல்புள்ளி, படம்?

வாசல்புள்ளி, காலை 7:38

பால் வண்டி ஏறிவிட்டது. படம் இப்போது இணைந்திருக்கிறது. ஒரு ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது, மன்னிக்கவும். தரை உலர்ந்துதான் இருந்தது, கண்ணாடி எதுவும் ஒட்டவில்லை. கம்பிக் கேட் இருக்கிறது, ஆனால் விளக்கு கேட்டுக்கு வெளியே, நிலைக்கு மேலே. போனோடு வந்த கேமராதான். இப்போது வெளிச்சம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன், பட்டை இல்லை. ஆனால் கோலமும் இல்லை. விடியுமுன் எடுப்பதற்கு வழி சொல்லுங்கள்.

மின்கம்பம், காலை 7:52

படத்தைப் பார்த்தேன். சமமான இடைவெளியில், ஓரம் மங்கலாகக் கரைகிற பட்டைகள். இது நிழல் இல்லை, தையலும் இல்லை. அம்மா, மூன்று கேள்விகள்.

நிலைக்கு மேல் உள்ளது என்ன விளக்கு, எப்போது மாட்டியது?

போனைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு படம், படுக்கவைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பட்டை போனோடு சேர்ந்து திரும்புகிறதா, தரையிலேயே நிற்கிறதா?

கேமராவில் எல்லாம் தானியங்கியில் இருக்கிறதா, ஏதாவது எண் வைத்திருக்கிறீர்களா?

கோலமாவு_கடைத்தெரு, காலை 8:10

@மாக்கோலம், அரிசி மாவுக் கோலம் என் மாமியார் காலத்தில் சரி. இன்று ஒரு கிலோ பச்சரிசி என்ன விலை என்று பாருங்கள். மார்கழி 30 நாளும் தெருவை அடைத்துப் போட எத்தனை படி வேண்டும்? பனியில் அரிசி மாவு நமுத்துக் கையில் ஒட்டும், விரலிடுக்கில் சீராக இறங்காது. கல்மாவில் போட்டால்தான் இழை கம்பி மாதிரி நிற்கும்.

மாக்கோலம், காலை 8:22

நமுத்தால் வறுத்துக்கொள்ளலாம். என் பாட்டி வறுத்துச் சலித்துத்தான் வைத்திருப்பார். விலை பார்த்துக் கோலம் போடத் தொடங்கினால் இழை மட்டும் எதற்கு? ஒட்டுகிற படம் கடையில் கிடைக்கிறதே. கல்மாவுத் தூள் மூச்சில் போவதையும் யோசியுங்கள். தினமும் குனிந்து அதில்தான் முகத்தை வைத்திருக்கிறோம்.

கோலமாவு_கடைத்தெரு, காலை 8:31

ஒட்டுகிற படத்தையும் கையால் போடும் கோலத்தையும் ஒன்றாகப் பேசாதீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது. 40 வருடமாக விடிகாலையில் எழுந்து போடுகிறேன்.

திண்ணை, காலை 8:40

இரண்டு பேரும் நன்றாகப் போடுகிறவர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மாவுக்குத் தனித் தலைப்பு தொடங்கினால் நானும் வருகிறேன். எங்கள் பக்கம் இரண்டையும் கலந்து போடுகிறவர்கள் உண்டு.

வாசல்புள்ளி, காலை 9:15

எப்போதும் இருக்கிற வாசல் விளக்குதான். குண்டு பல்பு போய்விட்டது என்று கார்த்திகை தீபத்துக்கு முன்னால் எல்இடி மாட்டினோம்.

வீட்டுக்குள் இருட்டாக்கி அதே பல்பைக் கூடத்தில் மாட்டி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, போனைத் திருப்பினால் பட்டையும் திரும்புகிறது. எப்போதும் போனின் நீளவாக்கில்தான் விழுகிறது.

எண் எதையும் நான் தொட்டதில்லை. போன் அக்கா மகள் நியூஜெர்சியிலிருந்து போன வருடம் ஐப்பசியில் கொண்டுவந்தது. அவள்தான் "சித்தி, கோலத்துக்கு இதிலேயே வையுங்கள், கை ஆடினாலும் கலங்காது" என்று ப்ரோ என்கிற இடத்தில் 1/60 வைத்துக் கொடுத்தாள். அது போன வருடம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

மின்கம்பம், காலை 9:44

அம்மா, கிடைத்துவிட்டது. உங்கள் போனில் கோளாறு இல்லை, உங்கள் மகள் சொன்ன எண்ணும் அவள் ஊருக்குச் சரிதான்.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போய் இறங்கும். அதனால் விளக்கு இங்கே நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது, அங்கே 120 முறை. கண் இதைப் பிடிக்காது. போன் பிடிக்கும். ஏனென்றால் போன் சென்சார் படத்தை ஒரே கணத்தில் முழுதாக எடுப்பதில்லை, வரிசை வரிசையாக வாசித்துக்கொண்டு போகிறது. விளக்கு மங்கும் தருணத்தில் வாசித்த வரிசைகள் கறுக்கின்றன, பிரகாசிக்கும் தருணத்தில் வாசித்தவை வெளுக்கின்றன. அந்த வரிசைகள் போனின் நீளவாக்கில் இருப்பதால்தான் போனைத் திருப்பினால் பட்டையும் திரும்பியது. நிழலாக இருந்தால் தரையை விட்டு நகராது.

இப்போது 1/60. ஒவ்வொரு வரிசையும் வெளிச்சம் வாங்கும் நேரம் அது, நொடியில் அறுபதில் ஒரு பங்கு. இங்கே விளக்கின் ஒரு துடிப்புக்கு 10 மில்லிநொடி. 1/60 என்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. அதாவது ஒன்றரைத் துடிப்புக்குச் சற்று மேல். ஒரு வரிசைக்கு இரண்டு உச்சம் கிடைக்கும், சற்றுத் தள்ளி உள்ள வரிசைக்கு ஒன்றுதான் கிடைக்கும். கணக்கு இடிக்கிறது, பட்டை விழுகிறது. அமெரிக்காவில் 1/60-க்குள் சரியாக இரண்டு துடிப்பு அடங்கிவிடும், எல்லா வரிசைக்கும் ஒரே அளவு வெளிச்சம்.

போன வருடம் ஏன் இல்லை? குண்டு பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்து எரிகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது ஆறிவிடுவதில்லை, அதனால் வெளிச்சம் கொஞ்சம்தான் இறங்கும். எல்இடி அப்படியில்லை, மின்னோட்டம் இறங்கினால் உடனே இறங்கும். நல்ல எல்இடியில் உள்ளே இருக்கும் சுற்று மின்னோட்டத்தைச் சமப்படுத்தும். விலை மலிவான சிலவற்றில் அது சரியாக இருக்காது.

செய்யவேண்டியது: ப்ரோவில் 1/60 இருக்கும் இடத்தில் 1/50 வையுங்கள். வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் 1/100. இரண்டுமே இங்கே கணக்குக்கு அடங்கும். 1/50-இல் கை ஆடாமல் இருக்க முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பைச் சோதிக்க வேண்டுமானால், அதன் வெளிச்சத்தில் ஓர் ஈர்க்குச்சியை வேகமாக ஆட்டுங்கள். குச்சி பல குச்சிகளாகத் தனித்தனியே தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்ல விளக்கு.

ஃபிலிம்காலம், காலை 10:20

தானியங்கியில் விட்டிருந்தால் போனே இதைச் சமாளித்திருக்கும். புரியாத எண்ணை வைத்துவிட்டு அதை இங்கே சொல்லாமல் இருந்ததால்தான் இத்தனை பேருடைய நேரம் போயிற்று. ஷட்டர் உள்ள கேமராவில் வராது என்று நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

மின்கம்பம், காலை 10:37

வரும் ஐயா. திரை ஷட்டர் கேமராவிலும் வேகத்தைக் கூட்டினால் முழுப் படமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஒரு சன்னமான பிளவுதான் படத்தின் மேல் ஓடுகிறது. 1/1000 வைத்து இதே பல்புக்கு அடியில் எடுத்துப் பாருங்கள், பட்டை விழும். உள்விளையாட்டு அரங்கில் படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இது பழக்கம். அந்த அம்மா சொல்லாததில் தப்பும் இல்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தெருமுனை, காலை 10:45

கம்பி நிழல் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். போனைத் திருப்பிப் பார்க்கும் சோதனை எனக்குத் தெரியாது, குறித்துக்கொண்டேன்.

கணக்குவாத்தியார், பகல் 12:05

பட்டைக்கு விடை வந்துவிட்டது, நான் கோலத்தைப் பற்றிக் கேட்கிறேன். இப்படித் தினமும் படம் எடுத்து வைப்பது பெரிய காரியம். போட்ட இரண்டு மணி நேரத்தில் அழிந்துவிடும் கலை இது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970-களில் சிக்குக் கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்குள் இருக்கும் விதிகளைக் கணினி மொழியின் இலக்கணம் போல எழுதிக் காட்டினார்கள். நம் வாசல்களில்தான் அதற்கான சரக்கு இருந்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: செவ்வகமாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சாய்வாகச் சுற்றிவரும் சாதாரணச் சிக்கைப் போட்டுப் பாருங்கள். 5 புள்ளி 4 வரிசை என்றால் கை எடுக்காமல் ஒரே இழையில் முடிந்துவிடும். 6 புள்ளி 4 வரிசை என்றால் இரண்டு இழை. 4-க்கு 4 என்றால் நான்கு. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான் இழைகளின் எண்ணிக்கை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கணக்கு தரையில் வந்து நிற்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

மாக்கோலம், பகல் 12:30

வாத்தியார் ஐயா, இது என் பாட்டிக்குக் கணக்கு தெரியாமலே தெரியும். "சம எண் வைக்காதே, இழை உடையும்" என்பார்.

கோலமாவு_கடைத்தெரு, பகல் 12:41

என் அம்மாவும் அதையேதான் சொல்வார்.

ஈரவாசல், மாலை 4:10

அக்கா, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கறுத்த தரை நிறைய இருப்பதால் கேமரா படத்தை வெளுக்க வைத்து, இழையின் ஓரம் கரைந்துவிடும். வெளிச்ச அளவை ஒரு படி குறைத்து எடுங்கள். நேர் மேலிருந்து, ஸ்டூல் மேல் ஏறி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தால் சதுரம் சதுரமாகவே வரும். நின்ற இடத்திலிருந்து சாய்த்து எடுத்தால் தூரப் புள்ளிகள் குறுகிவிடும்.

வாசல்புள்ளி, டிசம்பர் 25, காலை 5:58

1/50 வைத்தேன். பட்டை இல்லை. ஈர்க்குச்சி ஆறு ஏழாகத் தெரிந்தது, பல்பை மாற்றச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி, பால் வண்டிக்கு முன்னால் படம் எடுத்துவிட்டேன்.

மின்கம்பம், டிசம்பர் 25, காலை 7:20

மகிழ்ச்சி அம்மா. படத்தைப் போடுங்கள்.

கணக்குவாத்தியார், டிசம்பர் 25, காலை 9:02

நேற்றைய படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டதால் கேட்கிறேன். அந்த 15 புள்ளி, 15-லிருந்து 1 வரை நேர்ப்புள்ளியா, 8 வரை இடைப்புள்ளியா? எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு போட்டுப் பார்க்க ஆசை.

கணக்குவாத்தியார், டிசம்பர் 28, இரவு 8:15

@வாசல்புள்ளி, இடைப்புள்ளி என்று வைத்துக்கொண்டு நாங்களே போட்டுவிட்டோம். எங்கள் இழை நடுவில் ஒரு இடத்தில் உடைகிறது. எட்டாவது வரிசையில் எப்படித் திருப்பினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.