பிளான் மீறல் நோட்டீஸ்: முதலில் ஸ்டேயா, அளவுநாடாவா?

கீழமாசிக்காரன்
மதுரையில் பல வீடுகளின் நிலை இதுதான்: அப்ரூவல் தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும். இரண்டாம் மாடி பிளானில் கிடையாது. பக்கத்துச் செட்பேக் (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம்) பிளானில் மூன்றடி, நேரில் ஒன்றரை அடி. இப்படிப்பட்ட வீட்டுக்கு 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 56ஆம் பிரிவில் மீறலை அகற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தால் முதல் வேலை என்ன? உலகனேரியில் ஹைகோர்ட் கிளையில் ரிட் மனு போட்டு ஸ்டே (இடிக்கத் தடை) கேட்பதா, இன்ஜினியரைக் கூப்பிட்டு அளப்பதா? இங்கே வக்கீல், இன்ஜினியர் இரண்டு தரப்புமே இருக்கிறீர்கள்.

வக்காலத்து
முதலில் வக்கீல்தான். இடித்த சுவரை எந்த உத்தரவும் திரும்பக் கட்டித் தராது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட நெறிமுறைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் வர வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். 15 நாள் அவகாசம், நேரில் விசாரணை, அதன்பின் காரணம் எழுதிய உத்தரவு, அதற்குப் பிறகு இன்னொரு 15 நாள். பகுதி இடிப்பு ஏன் போதாது என்பதும் அந்த உத்தரவில் இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும் அதுதான் உங்கள் வழக்கு. ஆகவே தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. ஒட்டிய நோட்டீஸை வாசற்கதவும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

ரசமட்டம்
வக்கீல் சார் சொன்ன ஒவ்வொன்றும் சரி, வரிசைதான் தப்பு. இந்த மாதிரி ரிட்டில் பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? "மனுதாரர் விளக்கம் கொடுக்கட்டும், அதிகாரி இத்தனை வாரத்தில் முடிவெடுக்கட்டும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். அதற்குள் 56ஆம் பிரிவு கொடுத்த கெடு ஓடிவிடுகிறது. அந்தக் கெடு ஒரு மாதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த நாட்களுக்குள் 49ஆம் பிரிவின் கீழ் "இருப்பதை வைத்துக்கொள்ள அனுமதி" கேட்டு விண்ணப்பித்தால், அதற்கு முடிவு வரும்வரை நோட்டீஸ் நிறுத்தத்தில் இருக்கும். கோர்ட் படி ஏறாமலே கிடைக்கும் தடை அது. கெடு முடிந்தபின் அந்தக் கதவு திறக்காது.

விண்ணப்பத்துக்கு உள்ளது உள்ளபடி வரைந்த படம் வேண்டும், பழைய பிளானின் நகல் போதாது. அளக்கும்போது வெளிப்பூச்சையும் சேர்த்து அளக்க வேண்டும். செங்கலுக்குச் செங்கல் அளந்து காட்டினால் ஆய்வாளர் நாடாவில் ஓரங்குலம் கூடும், படம் முழுவதும் பொய்யாகத் தெரியும்.

இன்னொன்று, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உயர வரம்பு 9 மீட்டர், அதாவது 29 அடி 6 அங்குலம். தளத்துக்குப் பத்தடி என்று மூன்று தளம் போட்டால் 30 அடி, ஒன்றரை அடி பேஸ்மெண்ட் சேர்ந்தால் 31½. இரண்டடி மீறல் அஸ்திவாரம் போட்ட அன்றே முடிவாகிவிட்டது. கீழமாசி வீதி அந்த வட்டத்துக்குள் வருகிறது என்பதால் சொல்கிறேன்.

வக்காலத்து
அப்படியானால் நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அங்கே இரண்டாம் மாடிக்கு அனுமதி கிடைக்காது என்று தெரிந்தே விண்ணப்பம் போடச் சொன்னால், மீறலை எழுத்தில் ஒப்புக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். "என் மற்ற உரிமைகளுக்கும் ஆட்சேபங்களுக்கும் பாதகமின்றி" என்ற வரி இல்லாமல் விண்ணப்பம் போகக் கூடாது. அந்த வரியை இன்ஜினியர்கள் எழுதுவதில்லை.

நோட்டீஸில் எந்தச் சட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 1998 நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தில் வந்திருந்தால் மேல்முறையீட்டு வழி வேறு. 1971 சட்டத்தில் சீல் வைத்துவிட்டால் 80-ஏ பிரிவில் அரசிடம் போக வேண்டும். துணி எடுக்க, பாத்திரம் எடுக்க என்று சீலை உடைத்தால் தனியாகக் கிரிமினல் வழக்கு. உள்ளே போகவும் எழுதித்தான் அனுமதி கேட்க வேண்டும்.

வடம்போக்கி
பணம் கட்டி வரன்முறை (மீறலைச் சட்டப்படி ஏற்கவைப்பது) செய்துகொள்ளலாம் என்கிறார்களே, அதை ஏன் இரண்டு பேருமே சொல்லவில்லை?

ரசமட்டம்
தம்பி, அது அதே 1971 சட்டத்தின் 113-சி பிரிவு. 2007 ஜூலை 1 வரை கட்டியதற்கு மட்டும். 2017இல் வந்த திட்டம் அப்ரூவல் இல்லாத மனைகளுக்கானது, அதுவும் 2016 அக்டோபர் 20 வரை விற்றவற்றுக்கு. மனை வரன்முறை ரசீதைக் காட்டி மாடியைக் காப்பாற்ற முடியாது. இந்த இரண்டையும் குழப்பி ஏமாந்து பணம் இழக்கிறவர்கள் ஏராளம்.

கண்மாய்க்கரை
நீங்கள் பேசுவது பட்டா மனைக்கு. வண்டியூர், மாடக்குளம் மாதிரி கண்மாயை ஒட்டிய இடங்களில் வருவது 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்ட நோட்டீஸ். வக்கீல் ஐயா சொன்ன 15 நாள் நெறிமுறை சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்குப் பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் ஏழைகள் நம்பிக் கெட்டுப்போவார்கள். அவர்கள் முதலில் தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டு (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் பதிவேடு) நகலும் புலப்படமும் வாங்கி, வீடு எந்தப் புல எண்ணில் நிற்கிறது என்று சர்வேயரை வைத்து எல்லைக்கல் பார்க்க வேண்டும். கரைக்கு வெளியே பட்டா நிலத்தில் நிற்கும் வீட்டையும் அளவுப் பிழையில் சேர்த்துக் குறித்துவிடுவது உண்டு.

வக்காலத்து
அந்த விதிவிலக்கை நான் சொல்லியிருக்க வேண்டும். திருத்தத்துக்கு நன்றி. ஆனாலும் 2007 சட்டத்திலேயே நோட்டீஸ் கொடுத்துத்தான் அகற்ற முடியும், அதைக் கேட்பதற்கும் உரிமை உண்டு. செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100க்கு அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். வீட்டுப் பத்திரம் மனைவி பெயரில் இருந்தால் விண்ணப்பமும் அவர் பெயரிலேயே போக வேண்டும்.

கீழமாசிக்காரன்
செட்பேக் மீறலை மட்டும் நாமே இடித்துவிட்டால்?

ரசமட்டம்
நல்ல வழி, ஆனால் கொத்தனாரிடம் சம்மட்டியைக் கொடுத்து விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் சன்ஷேடு தொங்காமல் நிற்பது லிண்டலுக்கு (கதவு, ஜன்னல் தலைமேல் போடும் கான்கிரீட் விட்டம்) மேலுள்ள சுவரின் பாரத்தால்தான். சுவரை முதலில் எடுத்தால் சன்ஷேடு ஆள்மேல் கவிழும். சன்ஷேடுக்கு முட்டு கொடுத்து, அதைக் கட்டரால் அறுத்து இறக்கிய பிறகே சுவர். தளத்தின் ஓரத்தை வெட்டும் முன் உள்பக்கம் பீம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டுகிற இடத்தில் தூண் நின்றால் அந்த வேலையைத் தொடவே கூடாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் கொடுக்கட்டும். "முழுச் செட்பேக்கும் மீட்டால் கட்டடம் விழும்" என்று அவர் கணக்கோடு கொடுக்கும் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

வக்காலத்து
இடிக்கும் முன்னும் பின்னும் தேதியோடு வீடியோ எடுத்து, "இந்த அளவுக்கு நாங்களே நீக்கிவிட்டோம், மறு ஆய்வு செய்யுங்கள்" என்று கடிதம் கொடுங்கள். தபால் பிரிவில் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த முத்திரை இல்லாத விண்ணப்பத்தை வைத்து என்னாலும் வாதாட முடியாது, இன்ஜினியர் சார் சொல்லும் தானியங்கித் தடையும் கிடைக்காது.

ரசமட்டம்
அதை ஏற்கிறேன். ஆனால் ரிட் இரண்டாவதுதான். கெடு முடிய பத்து நாளுக்கு முன்பாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும்.

வக்காலத்து
பொக்லைன் தெருமுனைக்கு வந்துவிட்டால் ரிட் முதலாவது.