மறு: பெக்கோவின் ‘கொமியூனிகேஷன் எரர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

பெக்கோவின் மொனிற்றரில் வரும் ‘கொமியூனிகேஷன் எரர்’ என்ற வரியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ‘தகவல் தொடர்புப் பிழை’, ‘தொடர்பாடல் கோளாறு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. முன்னது தமிழ்நாட்டு வழக்கு, பின்னது எங்கள் பக்கத்துப் பாடநூல் வழக்கு. இலக்கணமாகப் பார்த்தால் இரண்டிலும் குறை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பட்டறை வைத்து, யப்பானிலிருந்து வரும் பாவித்த பெக்கோக்களின் வயர்களைக் குடைந்துகொண்டிருக்கும் எனக்கு இரண்டுமே காசைக் கரைக்கும் சொற்கள். (அகழ்பொறி வேறு, பெக்கோ வேறு என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இங்கே மண் தோண்டுவதெல்லாம் பெக்கோதான்.)

போன மாரிக்கு முன் அரியாலைப் பக்கம் ஒரு பெக்கோ நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் கபினுக்குள் இருக்கும் மொனிற்றரில் வெப்பநிலையும் இல்லை, எண்ணெய் அழுத்தமும் இல்லை. ‘எஞ்சின் கொன்ட்ரோலர் கொமியூனிகேஷன் எரர்’ என்ற ஒரு வரி மட்டும் நிற்கிறது. சில நாள் காலையில் நன்றாக வேலை செய்யுமாம், கல்லில் வாளி நாலு தரம் அடித்ததும் போய்விடுமாம். என்னிடம் வருவதற்கு முன்பே உரிமையாளர் பல இலட்சம் கொடுத்து ஒரு பாவித்த கொன்ட்ரோலர் வாங்கிப் பூட்டிவிட்டார். அதே வரி திரும்பவும் வந்தது. ‘எஞ்சின் கொன்ட்ரோலர்’ என்றும் ‘எரர்’ என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் வேறு என்ன செய்வார் பாவம்? நாம் அதை ‘எஞ்சின் கட்டுப்படுத்தித் தொடர்பாடல் கோளாறு’ என்று மொழிபெயர்த்தாலும் அவர் அதையேதான் செய்திருப்பார்.

அந்த வரி உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பெக்கோவுக்குள் கொன்ட்ரோலர், மொனிற்றர் போன்ற பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் வழிக்குக் கான் பஸ் (CAN bus) என்று பெயர். அது முறுக்கிய இரண்டு வயர். பொஷ் நிறுவனம் 1983இல் கார்களுக்காகத் தொடங்கி 1986இல் வெளியே காட்டிய ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி வயர் இழுக்காமல் எல்லாப் பெட்டிகளும் அந்த இரண்டு வயரிலேயே பேசும். பேச்சு என்றாலும் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் பேசுவதல்ல. ஒழுங்கையில் (சந்தில்) மீன்காரர் கூவிக்கொண்டு போவார். மீன் வேண்டியவர் படலையை (வெளி வாசல் கதவை) திறப்பார், மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எஞ்சின் கொன்ட்ரோலரும் அப்படித்தான் வேகத்தையும் வெப்பநிலையையும் நொடிக்குப் பல தடவை கூவிக்கொண்டிருக்கும். வழமையான நேரத்தில் குரல் காதில் விழாவிட்டால் மொனிற்றர் குறி போடும்.

குரல் கேட்காதது மொனிற்றருக்கு. பெயர் அடிபடுவதோ மீன்காரருக்கு. அவருக்குச் சுகமில்லாமல் இருக்கலாம், ஒழுங்கையில் மரம் விழுந்து கிடக்கலாம், வீட்டுக்காரருக்கே காது அடைத்திருக்கலாம். கனரக வாகனங்களுக்கான ஜே1939 தரம் இதில் கவனமாக இருக்கிறது. செய்தி வரும் வீதம் வழமைக்கு மாறாக இருந்தால் கோளாறு வகை எண் 9. பெட்டியே பழுது என்றால் எண் 12. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் மூடினால், தரம் பிரித்து வைத்ததை நாம் மறுபடி குழப்பிவிடுகிறோம்.

கதையின் மிச்சம் இது. பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் குறுக்கே மல்ரிமீற்றரை வைத்தேன். ஒழுங்கையின், அதாவது அந்த வயர்களின், இரண்டு தொங்கலிலும் (முனையிலும்) 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். சமாந்தரமாக நிற்பதால் 60 காட்ட வேண்டும். (தமிழ்நாட்டார் ‘பக்க இணைப்பு’ என்பதை நாங்கள் சமாந்தரம் என்போம்.) எனக்குக் காட்டியது 120. ஒரு தொங்கல் தடை போய்விட்டது என்று அவசரப்படலாம். கபின் தரைக்குக் கீழே இருந்த கனெக்ரரைப் பிரித்து இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்தேன். அங்கும் 120, இங்கும் 120. அப்படியென்றால் இரண்டு தடையும் நலம், இடையில்தான் வழி அறுந்திருக்கிறது. கனெக்ரரின் ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு. செம்பில் களிம்பு என்று சைவ சமய பாடத்தில் ஆணவத்துக்கு உவமை படித்தோமே, அதே களிம்பு. உப்புக்காற்றில் நின்ற இயந்திரம் போலிருக்கிறது. பின்னை மாற்றிப் பூட்டியதும் 60. பழைய கொன்ட்ரோலரையே திரும்பப் போட்டோம், ஓடியது.

(எல்லா இயந்திரத்திலும் 60ஐத் தேடவேண்டாம். கானுக்கு முந்திய பழைய பெக்கோக்களில் வேறு வகைத் தொடர்பு முறைகள் உண்டு, அவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது.)

சரி, சொல்லுக்கு வருவோம். நான் முதலில் ‘கேளாமை’ என்று வைத்தேன். கல்லாமை போலச் சின்னதாக, அழகாக இருந்தது. வீட்டில் சொன்னதும் மனைவி சிரித்தாள். ‘சொல்வழி கேளாத பிள்ளை’ என்று எங்கள் ஊரில் பேச்சு உண்டல்லவா, கேளாமை என்றால் அடங்காமை என்றுதான் முதலில் தோன்றும். அப்போது பழி திரும்பவும் ஏதோவொரு பெட்டியின் தலையில்தான் விழும். ஆகவே அதைக் கைவிட்டேன். இப்போது என் முன்மொழிவு ‘செய்தி எட்டாமை’. எட்டவில்லை என்றால் அனுப்பியவரையும் குறை சொல்லவில்லை, கேட்பவரையும் சொல்லவில்லை. மொனிற்றரில் ‘எஞ்சின் செய்தி எட்டவில்லை’ என்று வந்திருந்தால் அந்த உரிமையாளர் காசை எண்ணுவதற்கு முன் ஒருதரம் யோசித்திருப்பார்.

பஸ்ஸுக்கு ‘பாட்டை’ என்று கோவை அன்பர் எழுதியிருந்தார். கணினிக் கலைச்சொல்லாக அது ஏற்கெனவே புழங்குகிறது, மறுப்பில்லை. நான் ‘ஒழுங்கை’ என்றபோது அது ‘ஒழுங்கு’ என்பதன் இரண்டாம் வேற்றுமை போல இருக்கிறது என்று ஆட்சேபித்தார். நியாயம்தான். ஆனால் ஐயா, ‘பாட்டை’யும் ‘பாட்டு’ என்பதன் இரண்டாம் வேற்றுமைதானே! ‘பாட்டை முறிந்தது’ என்றால் கச்சேரி குழம்பியதோ என்று எங்கள் பையன்கள் கேட்பார்கள். இந்த ஒரு காரணத்தால் இரண்டில் எதுவும் தோற்கவில்லை. எழுத்தில் பாட்டை இருக்கட்டும். பட்டறையில் நான் ஒழுங்கை என்றே சொல்லப்போகிறேன். ஏனென்றால் அதோடு படலையும் சேர்ந்து வருகிறது. பொது வழி கெட்டால் ‘ஒழுங்கை அடைப்பு’, ஒரு பெட்டியின் கிளைவயர் மட்டும் கெட்டால் ‘படலை அடைப்பு’. முதலாவதில் பலருக்குச் செய்தி எட்டாது, இரண்டாவதில் ஒரு வீட்டின் குரல் மட்டும் வராது. எங்கே தேடவேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

தொங்கல் தடைக்கு ‘ஈற்றுத்தடை’ என்ற மலேசிய அன்பரின் சொல் நன்றாக இருக்கிறது, என்னுடையதை மீளப் பெறுகிறேன். ஒரு பெட்டி பிழையாகப் பேசிப் பேசி, அதன் பிழைக் கணக்கு 255ஐத் தாண்டியதும் தானாகவே வழியிலிருந்து விலகிக்கொள்வதற்கு ‘தன்னொதுக்கம்’ போதுமா? ‘ஒதுக்கம்’ என்றால் பாதீட்டில் பணம் ஒதுக்குவது போலவும் கேட்கிறது. இதற்கு யாராவது நல்ல சொல் தாருங்கள்.

அப்புறம் ஒன்று. நேற்று வேறொரு பெக்கோ வந்தது. கூட வேலை செய்யும் தம்பியிடம் நான் இந்தச் சொற்களைப் பற்றி ஒன்றும் விளக்கவில்லை, போனில் பேசியதைக் கேட்டிருக்கிறான் போல. வேலைத் துண்டில் அவன் எழுதியிருந்தது: ‘பம்ப் செய்தி எட்டேல்லை. மற்றதெல்லாம் வருது. படலையைப் பாக்கோணும்.’