சைக்கிளில் பழவேற்காடு: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவம்

தண்டையார்பேட்டையிலிருந்து மணலி வரை நம் பக்கத்தில் ரோடு பைக் வாங்கியவர்கள் பலர், ஞாயிறு விடிவதற்குள் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு ஈ.சி.ஆருக்குப் போகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து வடக்கே மிதித்தால் பழவேற்காடு வந்துவிடும். உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது அதுதான். நம் மாநிலத்துக்குள் வரும் பகுதி பறவைகள் சரணாலயம். திருவொற்றியூரிலிருந்து போய்வர ஏறக்குறைய 90 கிலோமீட்டர், மேம்பாலங்களை விட்டால் ஏற்றமே கிடையாது. இந்தப் பாதையை நம் ஆட்கள் இன்னும் அதிகமாக ஓட்ட வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பலரும் தயங்குவதற்குக் காரணம் கன்டெய்னர் லாரிதான். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் இரண்டுக்கும் போகிற பெட்டிகள் நம் தெருமுனையைத் தாண்டித்தான் போகின்றன. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, அதாவது நம் டி.பி.பி. ரோட்டில், சில நாள் ஓரம் முழுக்க லாரிகள் வரிசையாக நிற்கும். சைக்கிள்காரன் நடுச் சாலைக்கு வந்துதான் தாண்ட வேண்டும். பயம் நியாயமானது.

இந்தப் பயத்தைக் கொஞ்சம் தெளிய வைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். மணலி புதுநகர் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தபோது என் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு அவராகத்தான் பேச்சுக் கொடுத்தார். "தம்பி, ஏறி உக்காந்து பாரு, அப்பத்தான் உனக்குப் புரியும்" என்று தன் இருக்கையில் உட்கார வைத்தார். என் நண்பனைச் சைக்கிளோடு வண்டியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கண்ணாடியில் அவன் தெரியவே இல்லை. எட்டிப் பார்த்தாலும் தலை மட்டும்தான் தெரிந்தது. அடுத்து வண்டிக்கு முன்னால், பம்பரை ஒட்டி நிற்கச் சொன்னார். அப்போதும் ஆள் இல்லை. சிக்னலில் லாரிக்கு இடப்பக்கம் புகுந்து முன்னால் போய் நிற்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அவர் அங்கிருந்து பார்க்கும்போது அந்த இடத்தில் யாருமே இல்லை. லாரி இடதுபுறம் திரும்பும்போது பின்பகுதி உள்வாங்கி வரும் என்பதையும் கையால் காட்டி விளக்கினார். அன்றிலிருந்து லாரிக்குப் பின்னாலேயே, அதன் கண்ணாடியில் என் முகம் தெரிகிற தூரத்தில் நிற்கிறேன். புதிதாகச் சேருகிற யாருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றி: வார நாளில் இந்தச் சாலை வேண்டாம். ஞாயிறு காலை ஐந்து மணிக்குள் கிளம்பி, வெளிச்சம் வரும்போது மீஞ்சூரைத் தாண்டியிருந்தால் நல்லது. பின்விளக்கு கட்டாயம். மாதவரம், புழல் பக்கத்தில் இருப்பவர்கள் செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு வழியாகப் பொன்னேரிக்கு வந்துவிடலாம். நெடுஞ்சாலைதான், ஆனால் ஓரத்தில் இடம் இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை.

அப்புறம் பஞ்சர். நம் பக்கத்தில் டியூபைப் பதம் பார்ப்பது ஆணி அல்ல, கம்பி. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலை ஓரமெல்லாம் கிடக்கும். தலைமுடி கனம்தான் இருக்கும், டயரில் ஏறிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. புது டியூப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடியும் இறங்கிவிடும். டியூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிடுங்க ஒரு சின்ன இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். 28 மில்லிமீட்டர் அகல டயர் போட முடிகிறவர்கள் போட்டுவிடுங்கள், இந்தச் சாலைக்கு 25 கொஞ்சம் கஷ்டம்.

பொன்னேரி தாண்டியதும் எல்லாம் மாறிவிடும். மெதூர், திருப்பாலைவனம் வழியாக இருபது கிலோமீட்டருக்குள் ஏரி வந்துவிடும். இரண்டு பக்கமும் வயல், பனை. இங்கே கவனிக்க வேண்டியது காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். அது நமக்கு லாபம். சித்திரை, வைகாசியில் தலைகீழ். காலையில் சுகமாகப் போய்ச் சேர்ந்துவிடுவோம். பத்து மணிக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பும். களைத்த காலோடு அதை எதிர்த்து வெயிலில் வர வேண்டும். கோடையில் போகிறவர்கள் எட்டரைக்குள் ஏரியிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

பழவேற்காடு ஊருக்குள் பலர் செய்வது, ஏரிப் பாலத்தில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு வண்டியைத் திருப்புவது. தயவுசெய்து அப்படி வராதீர்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இங்கேதான் இருந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்து எங்களோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் அரை மணிநேரம் நகரவே இல்லை. சைக்கிள் ஷூவின் அடியில் பெடலோடு மாட்டும் கிளீட் இருந்தால் ஷூவைக் கழற்றிவிட்டு நடங்கள், கல்வெட்டுள்ள பலகைக் கற்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன.

படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை.

கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "இவ்வளவு பெரிய ஏரி, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாமா ஐயா?" என்று கேட்டேன். அப்போதுதான் 'பாடு' பற்றிச் சொன்னார். எந்த ஊர்க்காரர், எந்த நாளில், ஏரியின் எந்தப் பகுதியில் மீன்பிடிக்கலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இறால் நிறைய விழும் இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ள முடியாது. முகத்துவாரம் மண் மேடிட்டு அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறாலும் வராது, பிறகு பாடு இருந்து என்ன பயன் என்று வருத்தப்பட்டார். அவரோடு பேசிய பிறகு அந்தப் பாலத்தை வேடிக்கை இடமாக என்னால் பார்க்க முடியவில்லை.

பூநாரைக்கு, அதாவது ஃபிளமிங்கோவுக்கு வருகிறேன். அதைப் பார்க்கத்தானே பாதிப் பேர் கேட்கிறீர்கள். ஊருக்குள் போகாமல் வடக்கே ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்குப் போங்கள். பருவமழை முடிந்த உடனே போனால் ஏமாற்றமாக இருக்கும், ஏரி நிறைந்து தண்ணீர் ஆழமாக நிற்கும். பூநாரைக்குச் சேறும் ஆழமில்லாத தண்ணீரும் வேண்டும், அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துத்தான் அது சாப்பிடும். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் இறங்க இறங்கக் கரைப்பக்கம் வரும். கூழைக்கடா, வர்ண நாரை, ஆலா, உள்ளான் எல்லாம் கூடவே இருக்கும்.

ஒரு தை மாதக் காலையில் அங்கே நின்றுகொண்டிருந்தோம். வேறு குழுவிலிருந்து வந்த இருவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிக் கேமராவோடு நடக்க ஆரம்பித்தார்கள். கரையில் நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து நின்று சத்தம் போட்டார். "கிட்ட போவாத தம்பி! அதுங்க எழுந்துடுச்சின்னா இன்னிக்கு மேய்ச்சல் போச்சு." அவர்கள் நின்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் கூட்டம் முழுவதும் எழுந்து, சிவந்த இறக்கைகளைக் காட்டிக்கொண்டு ஆந்திர எல்லைப் பக்கம் போய்விட்டது. அந்தக் காட்சியைப் படமெடுத்தவர்கள் அழகு என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவையை ஒரு படத்துக்காக எழுப்பி விரட்டுவது அநியாயம். சாலையிலேயே நில்லுங்கள். ஒரு சின்ன பைனாகுலர் சட்டைப் பின்பையில் அடங்கிவிடும். சத்தமில்லாமல் கால் மணிநேரம் நின்றாலே போதும், அவை தானாக நெருங்கி மேயும்.

நீண்ட தூரம் பழகியவர்களுக்குச் சூளூர்பேட்டை. நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா தாண்டிப் போனால், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை ஏரியின் நடுவே கிழக்கே நீளும். இருபுறமும் தண்ணீர், கோடையில் வெளுத்த சேற்றுவெளி. ஒதுங்க நிழல் இல்லை, தண்ணீர் நிறைய வேண்டும். விண்வெளி மையத்தின் வாயிலோடு நமக்குச் சாலை முடிந்துவிடும், அங்கே படமெடுக்க முயலாமல் திரும்பிவிடுங்கள். சூளூர்பேட்டை போய்வரவே 150 கிலோமீட்டருக்கு மேல். பழவேற்காட்டை இரண்டு மூன்று முறை முடித்த பிறகு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் புழல் ஏரியைச் சுற்றுவது போதும். சூரப்பட்டு, அம்பத்தூர், திருமுல்லைவாயில், பம்மதுகுளம், செங்குன்றம். ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி, கரைமேல் சைக்கிளை ஏற்ற வேண்டாம். சாலையிலிருந்து தெரிவது போதும்.

திரும்பும்போது எண்ணூர் வழியாக வரலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அத்திப்பட்டு பக்கம் சாம்பல் தூசியும் லாரியும் சேர்ந்து மூச்சுமுட்டும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனாலும் ஒரு முறை பார்க்க வேண்டிய கழிமுகம்தான். ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை அங்கே பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்தது அதே தண்ணீரில்தான். இறக்கையில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களை அப்போது நாம் எல்லோருமே பார்த்தோம்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடாதீர்கள். உப்புக்காற்றும் லாரித் தூசியும் செயினில் சேர்ந்தால் மறுநாளே துரு பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள். பெடல், ஷூ கிளீட் இரண்டிலும் ஏரிச் சேறு ஒட்டியிருக்கும், அதையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.