தேய்ந்த விரல்களின் ரேகையைத் திரட்டிப் பொதுவில் வைக்கலாமா?

மேலூர் ஆய்வு மாணவி:
எப்.வி.சி. என்பது கைரேகையைச் சரிபார்க்கும் நிரல்களுக்கான போட்டி. கைரேகை ஆய்வில் பலரும் எடுத்தாளும் அதன் 2004ஆம் ஆண்டுத் தரவில் இருக்கும் மனித விரல்கள் இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழக மாணவர்களுடையவை. அவர்களின் சராசரி வயது 24. வேண்டுமென்றே விரலை உலர்த்தியும் நனைத்தும் பதிந்தார்கள் என்றாலும், குவாரியில் கல் உடைத்தோ சூளையில் செங்கல் அறுத்தோ வரிகளே தேய்ந்துபோன விரலுக்கு அது ஈடாகாது. நடவு முடிந்த வாரத்தில் என் அம்மா ரேஷன் கடைக் கருவியில் நான்கு முறை விரல் வைத்தும் பதியாமல், வெறும் பையோடு திரும்பினார். ஆகவே இத்தகைய விரல்களையும் கருவிகள் அறியும்படி செய்ய, மேலூர், உசிலம்பட்டி வட்டாரத் தொழிலாளர்களின் ரேகைகளைத் திரட்டிப் பொதுத் தரவாக வெளியிட வேண்டும் என்கிறேன்.

தெப்பக்குளம் வாசி:
உங்கள் அம்மாவின் அலைச்சல் புரிகிறது தங்கச்சி; ஆனால் விரல் வைத்து வங்கிப் பணம் எடுக்கும் ஊரில், கூலித் தொழிலாளியின் ரேகைப் படத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைப்பது அவருடைய சேமிப்பையே திறந்து வைப்பதாகும். படத்துக்குப் பதில், ரேகைக் கோடுகள் முடிகிற, கிளைக்கிற புள்ளிகளை மட்டும் தருவோம் என்றாலும் காப்பில்லை. அப்புள்ளிகளிலிருந்து முழுப் படத்தையே மீட்டுருவாக்கலாம் என்று 2007இலேயே நிறுவிவிட்டார்கள். எப்.வி.சி. 2006இல் உடலுழைப்பாளர்களும் முதியவர்களும் இடம்பெற்றார்கள் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. மேலும், 2022இல் வந்த பிரின்ட்ஸ்கேன் (PrintsGAN) என்னும் செயற்கை ரேகைப் படங்களை உருவாக்கும் நிரல் 35,000 செயற்கை விரல்களுக்கு 5,25,000 படங்களை உருவாக்கியிருக்கும்போது உயிருள்ள மனிதரின் விரல் எதற்கு?

மேலூர் ஆய்வு மாணவி:
2006 பற்றிச் சொன்னது சரி அண்ணா, அதை நான் விட்டிருக்கக் கூடாது. ஆயினும் அதன் ஒவ்வொரு தொகுப்பிலும் 150 விரல்களே உள்ளன. அவற்றிலும் ஒரு பகுதிதான் உழைப்பாளர்களுடையவை. செயற்கைப் படத்தை உருவாக்கும் நிரல் தான் கண்ட விரல்களிலிருந்தே கற்கிறது. சுண்ணாம்பில் வெந்த கொத்தனாரின் விரலைக் காணாத நிரல் அதை வரையாது. வெளியிடுவது தவறென்ற உங்கள் வாதத்தை ஏற்கிறேன். எப்.வி.சி. ஆன்கோயிங் என்னும் இணையவழிச் சோதனையில் நடப்பதுபோல, தரவு பூட்டிய இடத்திலேயே இருக்கட்டும். ஆய்வாளர்கள் ரேகையைச் சரிபார்க்கும் தங்கள் நிரலை அனுப்பி முடிவை மட்டும் பெறட்டும்.

தெப்பக்குளம் வாசி:
அப்படியென்றால் என் எதிர்ப்பில் பாதி தீர்ந்தது. மீதி, எங்கே நின்று சம்மதம் கேட்பீர்கள் என்பதுதான். அரிசிக்காக வரிசையில் நிற்கும் பெண், அந்தக் கருவியின் பக்கத்திலேயே நீட்டப்படும் படிவத்தை மறுக்கத் துணியமாட்டார்.

மேலூர் ஆய்வு மாணவி:
கடை வாசலில் கேட்கமாட்டேன். வேலை இல்லாத நாளில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கேட்பேன். பிறகு மனம் மாறினால் அழித்துத் தருவதையும் அதிலேயே எழுதுவேன்.