3018 மெஷினில் அலுமினியம் கட்டரில் அப்பிக்கொள்கிறது, எண்ட் மில் முறிகிறது

திருகாணி:
3018 என்கிற சின்ன மேஜை சிஎன்சி மெஷின். கட்டரைச் சுற்ற 775 மோட்டார், மெஷினை ஓட்ட ஜிஆர்பிஎல் கன்ட்ரோல் போர்டு. 3 மி.மீ. 6061 அலுமினியத் தகட்டில் ஸ்லாட் (நீளப் பள்ளம்) போடணும். 3.175 மி.மீ. ரெண்டு ஃப்ளூட் (வெட்டும் பல்) கார்பைடு எண்ட் மில், 10,000 ஆர்பிஎம், ஃபீட் (கட்டர் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 100 மி.மீ., பாஸுக்கு (ஒரு ஓட்டத்துக்கு) 0.5 மி.மீ. ஆழம். கீச்சென்று கத்துகிறது, கொஞ்ச தூரத்திலேயே கட்டர் போகிறது. ஃபீடை 60-க்குக் குறைத்தால் இன்னும் மோசம். ஏன்?

ராப்பட்டறை:
குறைத்ததால்தான். 100 ÷ (10,000 × 2) = பல்லுக்கு 0.005 மி.மீ. 60-ல் 0.003. இந்த அளவில் பல் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு; சூட்டில் அலுமினியம் பல்லில் ஒட்டும்; ஒட்டினால் பிசிறு (சீவி வரும் துகள்) வெளியேற வழியில்லை. டக்.

ஒற்றை ஃப்ளூட் வாங்குங்க. பல்லுக்கு 0.02 வைத்தால் ஃபீட் 200. ஆழத்தை 0.1-க்கு இறக்குங்க, இந்த ஃப்ரேமுக்கு 0.5 ரொம்ப அதிகம். நேராகக் குத்தி இறக்காமல் சரிவாக இறக்குங்க. வெளியே வருவது மாவாக இருந்தால் இன்னும் தேய்க்கிறது என்று அர்த்தம். விரலில் நெருடும் செதிலாக வரணும்.

மைக்ரான்:
கணக்கு சரி. ஆனால் போர்டில் 10,000 என்று போடுவது வெறும் கட்டளைதான், அளந்த வேகம் இல்லை. சுமை ஏறினால் 775 இறங்கிவிடும். சத்தம் கனத்தால் ஆழத்தைக் குறைங்க, ஃபீடைத் தொடாதீங்க.

கோலெட்டுக்கு (கட்டரைப் பிடிக்கும் கவ்வி) வெளியே கட்டர் 12 மி.மீ.க்கு மேல் நீட்ட வேண்டாம். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூசிய கட்டர் வேண்டவே வேண்டாம், அலுமினியம் அதில்தான் நன்றாக ஒட்டும். பூச்சில்லாததே போதும். ஸ்லாட் 4 மி.மீ. அகலம் இருக்கலாம் என்றால் அப்படியே வரைங்க. பிசிறு வெளியேற இடம் கிடைக்கும்.

திருகாணி:
நன்றி அண்ணே. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தெளிக்கலாமா?

ராப்பட்டறை:
வேண்டாம். 775-ல் கார்பன் பிரஷ், உள்ளே பொறி பறக்கும். ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளும். கட்டிங் ஆயிலை பிரஷ்ஷால் ஒரு சொட்டு வைத்தால் போதும், வழியவிட்டால் அடியில் இருக்கும் எம்டிஎஃப் பலகை ஊறிவிடும். போர்டு திறந்திருந்தால் மூடுங்க: அலுமினியச் செதில் விழுந்தால் ஷார்ட்.

மைக்ரான்:
அப்பிய கட்டரைத் தூக்கிப் போடாதீங்க. காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் அலுமினியம் கரையும், கார்பைடு நிற்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் திறந்த வெளியில்தான்.