தோல் கடையில நின்னவரு ஜெனரல் ஆன கதை, யாருக்காவது தெரியுமா?

பட்டர்வொர்த் மாலா:
வணக்கம் எல்லாருக்கும். மக காலேஜ் ஹிஸ்டரி அசைன்மெண்ட்டுக்கு அமெரிக்கா ஜெனரல் யுலிசிஸ் கிராண்ட் பத்தி எழுதுறா, 1879ல உலகம் சுத்தி வந்தப்ப நம்ம பினாங்குலயும் இறங்கியிருக்காருன்னு தெரிஞ்சதுலேர்ந்து அவளுக்கு அவரு மேல ஒரு ஆசை. ஆனா அமெரிக்காவோட உள்நாட்டுச் சண்டைக்கு முன்னாடி விவசாயம் பண்ணி நொடிச்சுப் போயி தம்பிங்க கடையில வேலைக்கு நின்னாருன்னு போட்டிருக்கு, அத ரெண்டு வரியில முடிச்சிடுன்னு லெக்சரர் சொல்றாராம். எனக்கு மனசு கேக்கல. 1854லேர்ந்து 1861 வரைக்கும் என்னதான் நடந்துச்சு?

செந்தூல் குமரன்:
ரெண்டு வரியில முடிக்க வேணாம்க்கா. ஆர்மிய விட்டுட்டு செயின்ட் லூயிஸ் பக்கம் வந்தாரு, கையில காசில்ல, மாமனாரு பொண்ணுக்குக் குடுத்த நிலத்துல மரத்த அவரே வெட்டி செதுக்கி வீடு கட்டினாரு. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில படிச்சு மெக்சிகோ சண்டையில நின்ன ஆளு, விறகு வெட்டி வண்டியில ஏத்திக்கிட்டு பழைய ஆர்மி கோட்டோட டவுனுக்குப் போயி தெருவுல நின்னு விப்பாரு. 1857ல பொருளாதாரம் படுத்து விளைச்சலுக்கு விலையே இல்ல. அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் இருக்கப்ப தங்க வாட்ச 22 டாலருக்கு அடகு வச்சாரு. அடுத்த வருஷம் குளிர் காய்ச்சல் வேற, நிலத்த விட்டாச்சு. அவர சோம்பேறின்னு எழுதுறவங்கள பாத்தா எனக்கு கோபம் கோபமா வரும்.

பிரிக்பீல்ட்ஸ் தேவி:
குமரன் சொன்னது சரி, ஆனா அந்த நிலத்துல அடிமைங்களும் உழைச்சாங்க, அத விட்டுடாதீங்க. மாமனாரு அடிமைங்கள வச்சிருந்தவரு. கிராண்ட் பேருலயே வில்லியம் ஜோன்ஸ்னு ஒரு அடிமை இருந்தாரு. வித்திருந்தா நல்ல பணம் கெடைச்சிருக்கும், அவ்வளவு கஷ்டத்துலயும் 1859 மார்ச்ல பத்திரம் எழுதி விடுதலை பண்ணிட்டாரு. ரெண்டையும் எழுதச் சொல்லுங்க மாலா. தோட்டத்துல நம்ம பாட்டன் பூட்டன் பட்ட பாட யாராவது மறைச்சு எழுதினா நமக்கு எப்படி இருக்கும்.

ஆயர் ஈத்தாம் ரவி:
கடை கதைய நான் சொல்றேன். 1860ல குடும்பத்தோட இலினாய் மாநிலத்து கலீனாங்கிற சின்ன டவுனுக்குப் போனாரு, தம்பிங்க பாத்துக்கிட்டிருந்த அப்பாவோட தோல் கடை, சேணம், குதிரை வாரு எல்லாம் விக்கிற கடை. சின்ன வயசுலேர்ந்தே அப்பா தோல் பதனிடுற இடத்து நாத்தம் அவருக்கு ஆகாது, பாவம். ஆனா அந்த ஊருல பழகின ஆளுங்கதான் பின்னாடி கைகுடுத்தாங்க, வக்கீல் ராலின்ஸ், அப்புறம் கவர்மெண்ட் கட்டடம் கட்ட வந்த செனிக்காங்கிற அமெரிக்க பூர்வகுடி இனத்து இஞ்சினியர் ஈலி பார்க்கர். 1865 ஏப்ரல் 9, அப்போமேட்டக்ஸ்ங்கிற ஊருல எதிர்ப்பக்க தெற்கு படை ஜெனரல் லீ கிராண்ட்கிட்ட சரணடைஞ்சப்ப, அந்த கண்டிஷன் கடிதத்த அழகா எழுதிக் குடுத்தது பார்க்கர்தான்.

அன்னிக்கு நடந்தத உங்க மக கட்டாயம் எழுதணும். எங்க ஆளுங்க ஏறி வந்தது அவங்க சொந்தக் குதிரைன்னு லீ எடுத்துச் சொன்னாரு, கண்டிஷன்ல குதிரைய கொண்டு போக ஆபிசருங்களுக்கு மட்டும்தான் அனுமதி. இவங்க பெரும்பாலும் சின்ன விவசாயிங்க, குதிரை இல்லாம எப்படி உழுது வெதைச்சு அடுத்த பனிக்காலத்த தாண்டுவாங்கன்னு கிராண்ட் யோசிச்சு, குதிரையோ கோவேறு கழுதையோ சொந்தம்னு சொல்றவன் ஓட்டிக்கிட்டுப் போகட்டும்னு உத்தரவு போட்டாரு. பால்மரம் வெட்டுறவர்கிட்ட கத்திய புடுங்கிட்டு காலையில பிரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிறதுக்கு) வான்னு சொன்னா எப்படி இருக்கும்? ஏர் புடிச்சு நொடிச்ச ஆளுக்கு அத விளக்க வேண்டியதில்ல.

பட்டர்வொர்த் மாலா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், குதிரை விஷயத்துலேர்ந்தே ஆரம்பிக்கப் போறாளாம், ஜோன்ஸ் பத்தியும் தனியா ஒரு பத்தி உண்டு. ராலின்ஸும் பார்க்கரும் அப்புறம் என்ன ஆனாங்கன்னு கேக்குறா.

ஆயர் ஈத்தாம் ரவி:
கிராண்ட் 1869ல பிரசிடெண்ட் ஆனதும் ராலின்ஸ போர்த்துறை செக்ரட்டரி ஆக்கினாரு, ஆனா அந்த வருஷமே டிபியில இறந்துட்டாரு. பார்க்கர பூர்வகுடிங்க விவகாரத்துக்கு கமிஷனரா போட்டாரு, அந்தப் பதவியில உக்காந்த முதல் பூர்வகுடி ஆளு அவருதான்.